திருநெல்வேலிப் பக்கம் நாய்க்கு நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி? செலவு நமக்குக் கட்டுப்படியாகுமா?

எந்த டாக்டரிடம் பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடிகிறதோ, அவரிடம் போங்கள். என்னைக் கேட்டால் இதுதான் பதில். கிளினிக்கில் ஏ.சி. இருக்கிறதா, கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வியைப் படித்தால், நீங்கள் புதிதாக ஒரு குட்டி எடுத்து, முதல் தடுப்பூசிக்குப் போன இடத்தில் பில்லைப் பார்த்துத் திகைத்துப்போய் வந்தவர் மாதிரித் தெரிகிறது. வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். "மனுசருக்கே வழியக் காணும், நாய்க்கு என்னட்டி இம்புட்டு?" என்று எங்கள் அம்மா என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் கோபம் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சுத்தமல்லிப் பக்கம் தையல் கடை. எங்கள் வீட்டு நாய் பேர் பவுனு. ஐப்பசி மழையில் கடை வாசலில் ஒண்டிய செவலைக் குட்டி, அப்படியே தங்கிவிட்டது. வளர்ந்து ஆளான பிறகு ஒரு சித்திரை வெயிலில் சோறு தொடாமல் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம்.

டவுன் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த பெண் "என்ன பிரீடு?" என்று கேட்டாள். "நாட்டு நாய்தான்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றார். காய்ச்சல் பார்த்ததும் ட்ரிப்ஸ் ஏற்றியதும் ஊசி போட்டதும் உதவிக்கு இருந்த பையன்தான். என்ன ஊசி என்று கேட்டதற்கு "பவர் இன்ஜெக்‌ஷன்" என்று பதில் வந்தது. அன்று சாயங்காலம் பவுனு எழுந்து கொஞ்சம் பால் குடித்தது. மறுநாள் பழையபடி சுருண்டுகொண்டது. மறுபடி போனோம், மறுபடி அதே ட்ரிப்ஸ், அதே ஊசி, முந்தினதைவிடக் கூடுதலாகப் பில். ரத்தம் எடுத்துப் பார்க்கவே இல்லை. என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் கொடுக்கவில்லை.

"சார், மொத்தமா எவ்வளவு ஆகும்? ஏற்பாடு பண்ணிட்டு வாறேன்" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்பமே சொல்ல முடியாதும்மா. உசுரு முக்கியமா, துட்டு முக்கியமா?" என்றார்.

பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடம் துணியை விரித்துப் பார்த்து, லைனிங் வேண்டுமா, பைப்பிங் வேண்டுமா என்று கேட்டு, கத்தரிக்கோலை எடுக்கிறதுக்கு முன்னாலேயே கூலியைச் சொல்லிவிடுவேன். கூடுதலாக வேலை வந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் கடைசி ரூபாய் வரை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம், அதற்கு எவ்வளவு, சரியாகாவிட்டால் அடுத்தது என்ன, இவ்வளவையாவது சொல்லலாம். கேட்டவளைக் குற்றவாளி மாதிரி நிற்க வைக்கக் கூடாது.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற அண்ணாச்சிதான் வழி சொன்னார். "ராமையன்பட்டிக்குக் கொண்டு போங்கம்மா, எங்க எருமைக்கு அங்கனதான் பாத்தோம்." சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி அது. 2012-ல் தொடங்கியது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மாடு, ஆடு, கோழி, நாய், பூனை எல்லாம் பார்க்கிறார்கள். நாய் என்றதும் ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானையில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர், சுற்றிலும் மாணவர்கள். முதலில் எடை பார்த்தார்கள். டாக்டரம்மா தன் கையாலேயே வாயைத் திறந்து ஈறை அழுத்தினார். வெளிறிக் கிடந்தது. தாடைக்கு அடியிலும் தொடைக்குப் பின்னாலும் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். காது மடலை விரித்து அங்கே அப்பியிருந்த உண்ணிகளை மாணவர்களுக்குக் காட்டினார். பிறகு காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். "பாக்காம மருந்து கொடுத்தா எதுக்குக் கொடுத்தோம்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்கிற கிருமி ரத்தத்துக்குள் போய்விடுகிறதாம். ரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்துபோவதால்தான் மூக்கில் ரத்தம். இதே மாதிரி பபீசியா என்று இன்னொன்று உண்டு, அதுவும் உண்ணியால்தான். அதில் சிறுநீர் கறுத்துப் போகும், மருந்தும் வேறு. அதனால்தான் ரத்தம் பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்கிறேன்.

அப்போதுதான் பணத்தைப் பற்றிப் பேசினேன். "டாக்டரம்மா, ஏற்கெனவே ஒரு இடத்துல நிறைய செலவாகிப்போச்சு. எங்கிட்ட இப்ப இவ்வளவுதான் இருக்கு" என்று பர்ஸைத் திறந்தே காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பேனாவை எடுத்து வரிசைப்படுத்தி எழுதினார். ரத்த அணுக்கள் எண்ணிக்கை இன்றைக்கே பார்க்க வேண்டும். மாத்திரை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். ஸ்கேன் இப்போது தேவையில்லை, தேறாவிட்டால் பார்க்கலாம். உண்ணி மருந்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை டாக்சிசைக்ளின், மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்து, சாதாரண மெடிக்கல் ஷாப்பிலேயே விலை குறைவாகக் கிடைத்தது. எடைக்குத் தக்க அளவு, ஏறத்தாழ நாலு வாரம், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. எல்லாம் சீட்டிலேயே இருந்தது. (அளவை நான் இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அது உங்கள் நாயைப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியது.)

பவுனு பிழைத்துவிட்டது. அந்த முழு வைத்தியத்துக்கும் ஆனது, முதல் கிளினிக்கில் ட்ரிப்ஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

உடனே யாராவது வந்து "தனியார் டாக்டர் எல்லாரும் கொள்ளைக்காரர்களா?" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு வாடகை இருக்கிறது, மிஷின் வாங்கிய கடன் இருக்கிறது, ராத்திரி போனை எடுக்கிறவர்களும் அவர்கள்தான். இப்போது பவுனுக்குத் தடுப்பூசி போடுவது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் டாக்டரிடம்தான்; கேட்டால் விலையைச் சொல்லிவிட்டு ஊசியை எடுப்பார். "அரசு இடத்தில் கூட்டம், சில மருந்து வெளியே வாங்கச் சொல்கிறார்கள்" என்பார்கள். அதுவும் உண்மை. காத்திருக்க வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். எனக்கு அந்த நாள் கூலியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் கட்டுப்படியானது.

அந்த "என்ன பிரீடு?" விஷயத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் வட்டாரம் கன்னியும் சிப்பிப்பாறையும் பிறந்து வளர்ந்த மண். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். இந்த ஊரில் பிறந்துவிட்டு, பனிப் பிரதேசத்து ஹஸ்கியை வாங்கிவந்து, அந்த அடர்ந்த ரோமத்தோடு நம் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறார்கள். அது நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடக்கிறது. அதற்கு வரவேற்பில் மரியாதை, தெருவில் பிறந்து நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகிய நாய்க்கு மரியாதை இல்லை. "நாட்டு நாய்க்கு எதுக்குக்கா இம்புட்டு தூரம் வாறிய?" என்று அந்த முதல் கிளினிக்கில் ஊசி போட்ட பையன் என்னிடமே கேட்டான். காய்ச்சல் எல்லா உடம்பிலும் ஒரே மாதிரித்தான் அடிக்கிறது. என் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குத் தெரு நீளத்துக்கு பிளக்ஸ் வைத்தார்கள். அதை ஒருத்தரும் வீண் செலவு என்று சொல்லவில்லை. அதே மதினிதான் பவுனுக்கு மாத்திரை வாங்கியதைச் சொந்தக்காரர் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சரி, உங்கள் குட்டிக்கு வருகிறேன். டாக்டர் பி.வி.எஸ்சி. என்கிற கால்நடை மருத்துவப் படிப்பை முடித்துக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள். 1984-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் கால்நடை வைத்தியம் பார்க்கக் கூடாது. வீட்டுக்கே வந்து மலிவாக ஊசி போட்டுத் தருகிறேன் என்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். பேன்ட் பையில் கொண்டுவந்த மருந்தைப் போட்டுக்கொள்வதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான். போட்டவுடன் மருந்துக் குப்பியில் இருக்கிற ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்துக்கு அடுத்த முறை போகாதீர்கள்.

பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை, பல நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக வருகிற கூட்டுத் தடுப்பூசியைப் போட வேண்டும். ஒன்று போட்டதும் போதும் என்று விடுகிற வீட்டுக் குட்டிகளைத்தான் பார்வோ என்கிற குடல் நோய்க் கிருமி கொண்டுபோகிறது. வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமான பேதி என்றால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அந்தக் கிருமியைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது, நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், அந்த வைத்தியம்தான் பெருஞ்செலவு. அதோடு ஒப்பிட்டால் ஊசிக்காசு ஒன்றுமே இல்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருசா வருசம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் அதை இலவசமாகவே போடுகிறார்கள்; உங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பெண் குட்டி என்றால் கருத்தடையையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் அவசர ஆபரேஷன் வரை போகும்.

உண்ணிக்கு நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. அது சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நான் வெடிப்பையெல்லாம் சிமென்ட் பூசி அடைத்தேன், பவுனு படுக்கிற சாக்கை வெந்நீரில் போட்டு எடுத்தேன், அதற்கப்புறம்தான் குறைந்தது. வீட்டில் பூனையும் இருந்தால் கவனம்: நாய்க்கு என்று விற்கிற பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம். மிச்சம் பிடிக்க நினைத்து வீட்டில் கிடக்கிற பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், செத்துப்போகும்.

பணத்துக்கு நான் செய்கிறது இதுதான். தபால் ஆபீஸில் பவுனுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. தீபாவளி, பொங்கல் சமயத்தில் தையல் வேலை நிறைய வரும்போது அதில் கூடுதலாகப் போட்டுவிடுவேன், ஆடி மாதத்தில் கை காய்ந்தாலும் அதைத் தொட மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது அவரே நினைவுபடுத்துகிறார்.

குட்டி நன்றாக இருக்கும்போதே இரண்டு இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், ஒரு தனியார், ஒரு அரசு. ராமையன்பட்டிக்குப் போவதாக இருந்தால் நேரத்தை விசாரித்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். கழுத்துப்பட்டை, வாய்க்கூடு, பழைய சீட்டுகள், தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி அவசரம்னா எங்க கொண்டு போகணும், யாருக்குப் போன் போடணும்?" 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், எங்கள் அம்மா வீட்டு ஆட்டுக்கு வந்திருக்கிறது. ஆனால் அது முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. நாய்க்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், குட்டியானைக்காரர் நம்பர் ஒன்றையும் வாங்கிப் போனில் போட்டு வையுங்கள்.