பட்டர்பர்: நடலாம் சரி, கஷாயம் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரோரம் எப்போதும் ஈரமும் நிழலுமாக ஒரு மூலை இருக்கிறது. எதை நட்டாலும் அழுகிவிடுகிறது. அங்கே பட்டர்பர் (butterbur) என்ற செடியை நடலாம் என்று இருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு அது நல்ல மருந்தாமே, வேரையோ இலையையோ கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: தாராளமாக நடுங்கள். ஆனால் கஷாயம் வேண்டாம்.

ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படும் என்ற பேச்சு வெறும் வதந்தி இல்லை. இதன் வேரிலிருந்து எடுத்த சாற்றை, தலைவலி வராமல் தடுக்கும் மருந்தாக அமெரிக்க நரம்பியல் அகாடமியே 2012-இல் பரிந்துரைத்தது. அப்புறம் கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015-இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செடி முழுக்கவே பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். பரிசோதிக்கப்பட்ட அந்த மருந்து, இந்த நச்சைத் தனியாகப் பிரித்து நீக்கித் தயாரித்தது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் நச்சும் சேர்ந்துதான் கஷாயத்தில் இறங்கும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கிட்டவே போக வேண்டாம். இது சாமந்தி குடும்பத்துச் செடி. சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சாப்பிடவே முடியாதா என்றால், முடியும். அதற்கு ஜப்பானிய வகை வேண்டும். அங்கே அதை ‘ஃபுகி’ என்பார்கள். இலைக்காம்பைத்தான் முக்கியமாகச் சமைக்கிறார்கள். காம்பில் உப்பைத் தூவிப் பலகையில் உருட்டி, சில நிமிடம் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். பிறகு குளிர்ந்த நீரில் போட்டு, மேல்நாரை உரித்து, மறுபடி புது நீரில் ஊறவைப்பார்கள். கசப்போடு நச்சில் ஒரு பகுதியும் அந்த நீரோடு போகிறது, முழுவதும் போகாது. அதனால் எப்போதாவது கொஞ்சம் ருசி பார்க்கலாம், தினசரிக் கீரையாக்கிவிடக் கூடாது. ஐரோப்பிய வகையைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் இலையில் அந்தக் காலத்தில் வெண்ணெயைப் பொதிந்து வைத்தார்கள், பெயரே அப்படி வந்ததுதான். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி நடவு. உங்கள் மூலை இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. ஆனால் குளிர்காலம் என்று ஒன்று இருக்கும் இடத்தில்தான் இது நன்றாக வரும், ஆண்டு முழுக்க வெப்பமான இடத்தில் திணறும். இஞ்சி போலக் கிழங்குத் துண்டை நட்டால் போதும். மேலே சில அங்குலம் மண் மூடி, மக்கிய உரம் தாராளமாகப் போடுங்கள். குளிர் முடியும் தறுவாயில் இலைக்கு முன்னால் பூ தலைநீட்டும். அப்போது செடி செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். இலை பின்னாலேயே வரும், குடை மாதிரி விரியும். நண்பகல் வெயில் பட்டால் மண் ஈரமாக இருந்தாலும் இலைகள் துவண்டு தொங்கும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்ளும். சாயங்காலமும் நிமிரவில்லை என்றால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நத்தைகள் இளம் இலையைச் சல்லடையாக்கும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் நான் பார்த்ததில் உருப்படியான வழி.

உண்மையான தலைவலி இது பரவுவதுதான். மண்ணுக்கடியில் கிழங்கு ஓடி, சில ஆண்டுகளில் பக்கத்துப் பாத்தியிலும் முளைக்கும். சின்னத் துண்டு விட்டுப்போனாலும் மறுபடி செடியாகும். அதனால் பெரிய தொட்டியில் வளர்ப்பதே நல்லது. மண்ணில்தான் வேண்டும் என்றால், நடும் முன்பே சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பு இறக்குங்கள். தடுப்பின் விளிம்பு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கட்டும், இல்லாவிட்டால் மேலேறித் தாண்டிவிடும். ஓடைக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ நடவே நடாதீர்கள், கிழங்குத் துண்டுகளைத் தண்ணீர் எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெட்டி எடுத்த கிழங்கையும் உரக்குழியில் போடக் கூடாது. கல் தரையில் பரப்பி, மொறுமொறுவென்று ஒடியும்வரை காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.