வில்லன் ஏன் அப்படிச் செய்தான்? சேலத்து ரசிகர்களின் கேள்வி பதில்

கேள்வி (அஸ்தம்பட்டி): நிறைய கிரைம் படத்துல கடைசி பத்து நிமிஷம் வில்லன் தன் கதையைச் சொல்றான். கண்ணுல தண்ணி கூட வருது. வீட்டுக்கு வந்து யோசிச்சா ஒட்டலைங்க. எங்க இடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒரு தாளில் அவன் செய்த குற்றங்களை எழுதுங்க. படம் காட்டிய வரிசையை விட்டுடுங்க. நடந்த வரிசையில் எழுதணும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவன் சொல்லும் காரணம் பொருந்துதா என்று குறியுங்க. தங்கை சாவுக்குப் பழி வாங்கினேன் என்கிறான். அவளைச் சாகடித்த மூன்று பேரைக் கொன்றது பொருந்தும். பார்த்துவிட்ட வாட்ச்மேனைக் கொன்றது? அது மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்தது. செத்தவன் கையிலிருந்த வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டானே, அது எதில் சேரும்? பழிக்கும் அது தேவையில்லை, பயத்துக்கும் தேவையில்லை. ஆள் பிடிபடுவது அங்கேதான். காரணத்துக்கு அடங்காமல் மிஞ்சும் காரியத்தை விடாமல் பிடிச்சுக்கோங்க.

முதல் குற்றத்தின் தேதியையும் பாருங்க. தங்கை சாவதற்கு முன்னாலேயே ஒருத்தனை மிரட்டிப் பணம் பறித்திருந்தால், அவள் சாவு அவனுக்குக் கிடைத்த சாக்கு. பின்னணி இசை உருக்கமாக இருந்தால் இது கண்ணில் படாது. அந்தக் காட்சியை ஒருமுறை சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்க.

கேள்வி (கன்னங்குறிச்சி): நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரி குமாரி’ பட வில்லன் பார்த்திபனுக்கு இந்தக் கணக்கு சரிப்படுமா? தளபதி பதவி கிடைக்காத கோபம்தானே எல்லாத்துக்கும் காரணம்?

பதில்: நன்றாகவே சரிப்படும். பதவி போனது தொடக்கம்தான். 1950இல் வந்த அந்தப் படத்தில் கலைஞர் எழுதிய வசனப்படி, கொள்ளையடிப்பதைப் பார்த்திபன் ஒரு கலை என்கிறான். பதவி கிடைக்காத ஆத்திரம் மட்டும் உள்ளவன், பதவி கொடுத்தால் அடங்கிவிடுவான். கலை என்று பேசுகிறவன் அடங்கமாட்டான்.

அவன் மனைவி அமுதவல்லியை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்ப்பது குண்டலகேசிக் கதை. நீலகேசி என்ற சமண நூலின் உரை சொல்லும் கதையில், ஊடலின்போது ‘நீ கள்வன் அல்லவா’ என்று மனைவி விளையாட்டாகச் சொன்னது கணவனுக்குத் தைத்துவிடுகிறது. பாலி மொழியில் உள்ள பௌத்த மரபுக் கதையில் அவனுக்கு அவள் நகை வேண்டும். படத்தில் அவன் குட்டு அவளுக்குத் தெரிந்துவிட்டது. மலையுச்சியும் தள்ளிவிடுவதும் மாறவே இல்லை. அவமானம், ஆசை, பயம் என்று காரணம் மட்டும் மாறுகிறது, அதோடு ஆளும் மாறிவிடுகிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று அமுதவல்லி கேட்க, அவன் சம்மதித்து நிற்கும் இடத்தை மறுபடி பாருங்க. அவள் தன்னைத் தள்ளுவாள் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அவளை அவன் எப்படி எடைபோட்டிருந்தான் என்பதை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கேள்வி (சூரமங்கலம்): ‘அந்த நாள்’ ராஜனை வில்லன்னு சொல்லலாமா? அவனுக்கும் அநியாயம் நடந்திருக்கே.

பதில்: சொல்லலாம். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த படம். பாட்டே கிடையாது, அதனால் கவனம் சிதறாது. ராஜனின் கண்டுபிடிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை. அந்த வலி நிஜம். ஆனால் அவன் ஜப்பானுக்கு ரகசியம் விற்றதால் சாகப்போகிறவர்கள் அவனை மதிக்காதவர்கள் இல்லையே. குண்டு விழும் ஊரில் இருக்கும் சாதாரண ஜனங்கள். காயம் நிஜமா என்று ஒரு கேள்வி, அடி யார்மேல் விழுந்தது என்று இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்க. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பரிதாபப்பட்டே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கேள்வி (ஓமலூர்): கிளைமாக்ஸ்ல இன்ஸ்பெக்டர் கிட்டயே எல்லாத்தையும் ஒத்துக்கிறான். கேஸ் முடிஞ்சுதுங்களா?

பதில்: முடியாது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் முன் தானாக முன்வந்து சொல்லணும். இல்லையென்றால், போலீஸ் காவலில் அவன் சொன்ன தகவலை வைத்துக் கத்தியைத் தோண்டி எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். காரணம் எப்போது முக்கியம்? நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் காரணத்தை நிரூபிக்காமலே தண்டிக்கலாம். சந்தர்ப்ப சாட்சியம் மட்டும் இருக்கும் வழக்கில்தான் அதற்கு எடை கூடும்.

கேள்வி (ஏற்காடு): காரணமே சொல்லாத வில்லன்?

பதில்: அதே தாள்தான். யாரைத் தொடாமல் விட்டான் என்று மட்டும் கூடுதலாக எழுதுங்க.

கேள்வி (ஆத்தூர்): குறும்படம் எழுதுறேன், 20 நிமிஷம். வில்லனோட காரணத்தை எங்க வைக்கலாம்?

பதில்: முதல் நான்கு நிமிஷத்துக்குள், பேச்சில்லாத ஒரு செயலாக வைங்க. டீக்கடையில் சில்லறை குறைந்ததும் பையனை எல்லாரும் பார்க்க எண்ணச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. நடுவில் அதையே பெரிதாக, ஆள் மாற்றி ஒருமுறை. கடைசியில் ஃபிளாஷ்பேக் வேண்டாம், ஒருத்தர் ‘ஏன்டா?’ என்று கேட்கட்டும், அவன் பொய்யான காரணம் ஒன்றைச் சொல்லட்டும். முதல் காட்சி சரியாக விழுந்திருந்தால் அது பொய் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் கிளைமாக்ஸைத் தொடாதீங்க, டீக்கடைக் காட்சியைத் திருத்துங்க.