ஓய்வுப் பணம் முழுவதையும் காணிக்கையாகக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 9 லட்சம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். துணைக்கு 84 வயது அம்மா மட்டும். 'பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம்' என்ற பிரசங்கம் கேட்டதிலிருந்து மனம் உறுத்துகிறது. முழுவதையும் ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாமா? டெபாசிட் போட்டால் அவிசுவாசமா?

பதில்: சகோதரி, முழுவதையும் கொடுக்காதீர்கள். நானும் வேதம் வாசிக்கிறவன் என்பதால் வசனத்தை வைத்தே சொல்கிறேன்.

லூக்கா 12-இல் தேவன் 'மதிகேடனே' என்று அழைத்த ஐசுவரியவான், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் அளவுக்கு மிச்சம் வைத்திருந்தான். அத்தனையும் தன் ஒருவனுக்கே என்று நினைத்தான். உங்கள் 9 லட்சத்தில் அப்படி மிச்சம் எங்கே இருக்கிறது? இனி வரும் வருஷங்களின் அரிசியும் வாடகையும் அல்லவா அது! ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் வண்டி பிடித்துக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டுமே, அந்தச் செலவும் இதில்தான் இருக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்' என்று காணிக்கையாக்கி ஒதுங்கியவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7-இல் வாசியுங்கள். எனக்கு இதைவிடத் தெளிவான வசனம் வேண்டியதில்லை.

ஐசுவரியமுள்ள வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கச் சொன்னாரே என்பீர்கள். உண்மைதான். ஆஸ்தியில் பாதியைத் தரித்திரருக்குக் கொடுப்பதாகச் சொன்ன சகேயுவிடம் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்று சொன்னவரும் அவரே.

இனி கணக்கு. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 6 லட்சம் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வரும். தவணை 5 வருஷம். வீட்டு அட்வான்ஸுக்கும் அம்மாவின் அவசரத்துக்கும் 2 லட்சம் வங்கியில் இருக்கட்டும். மீதி ஒரு லட்சத்தில் மனம் விரும்பியதைக் கொடுங்கள், கட்டட நிதிக்கோ, ஃபீஸ் கட்ட முடியாத பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைக்கோ. வட்டியில் மாதம் 410 ரூபாய் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) எடுத்தால் கொடுப்பது ஒரே நாளில் தீர்ந்துபோகாது.

அதிக வட்டி தருவதாக யார் சொன்னாலும், சபையில் கூட உட்காருகிறவரே ஆனாலும், பணத்தைக் கொடுக்க வேண்டாம். முதலில் வீடு பாருங்கள், வாடகை முடிவான பிறகு டெபாசிட் போடலாம். நாமினியாக அம்மாவோடு நம்பிக்கையான இளையவர் ஒருவரையும் சேருங்கள்.