மூன்றாவது ஏரி

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே? கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோடையில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் கார் நிறுத்த இடமில்லை, பார்பிக்யூ புகையும் ஸ்பீக்கர் சத்தமும்தான். கனூவில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகில், மட்டுமே போகக்கூடிய ஏரிகள் இருக்கின்றனவாமே, அதில் ஆளே இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா. எனக்கு நீச்சல் அரைகுறை, வீட்டம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. போகலாமா?

போகலாம். ஆனால் ஏரியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள். நம் ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கான்குவின் காட்டுப் பூங்காவில் மட்டுமே 2,400 ஏரிகளுக்கு மேல் இருக்கின்றன. 16 வருஷத்தில் நான் கூடாரம் போட்டது இருபது ஏரிகளில் இருக்கலாம். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு கணக்கு. காரை விடும் இடத்துக்கும் கூடாரம் அடிக்கும் இடத்துக்கும் நடுவே கனூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு ஏரியையும் அடுத்த ஏரியையும் இணைக்கும் இந்தக் காட்டுப்பாதைக்கு இங்கே போர்ட்டேஜ் என்று பெயர். பூங்காவின் கனூ வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் போட்டிருக்கும். முந்நூறு நானூறு மீட்டர் இருந்தால் பாதிக் கூட்டம் வடிந்துவிடும். இரண்டாயிரத்தைத் தாண்டினால் மிஞ்சுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரே வரிசையில் இருக்கும் மூன்று ஏரிகளை வைத்துச் சொல்கிறேன், புரியும்: ராக், பென், வெல்கம். நெடுஞ்சாலை 60 பூங்காவை 56 கிலோமீட்டருக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மேற்கு வாசலிலிருந்து நாற்பதாவது கிலோமீட்டரில் தெற்கே திரும்பி, 8 கிலோமீட்டர் மண் ரோட்டில் போனால் ராக் ஏரி. கார் கூடாரத் திடல், காட்டேஜ்கள், மோட்டார் படகுகள் எல்லாம் உண்டு. 1890-களில் மர வியாபாரி ஜே.ஆர். பூத் போட்ட ரயில் பாதை இந்தக் கரையோரமாகத்தான் ஓடியது. ஏரியில் ஒரு பாறைச் சுவரில் பூர்வகுடி மக்கள் தீட்டிய மங்கலான ஓவியங்கள் இருக்கின்றன. ஆளே இல்லாத காடு என்று கேட்டீர்களே, நாம் கனூ தூக்கி நடக்கும் இந்தப் பாதைகள் பலவும் அவர்கள் நடந்து நடந்து உண்டானவை. நாம் வாரக் கடைசியில் எட்டிப்பார்க்கிற விருந்தாளிகள்.

ராக் ஏரியின் தென்கோடிக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் துடுப்பு போட வேண்டியிருந்தது. அங்கே மஞ்சள் பலகை ஒன்று 375 மீட்டர் என்று சொல்லும். பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் பாறைகளில் விழுந்து இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். அந்தப் பக்கம் பென் ஏரி. கார் சத்தம் கிடையாது. கரையில் அங்கங்கே ஆரஞ்சுப் பலகை தெரியும், அதுதான் கூடாரம் போட அனுமதித்த இடம். உங்கள் முதல் பயணத்துக்கு நான் சொல்வது இந்த ஏரியைத்தான். ஆளே இருக்காது என்று சொல்ல மாட்டேன், எதிர்க்கரையில் ஒரு நெருப்பு தெரியும். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் தேவைதான்.

பென் ஏரிக்கு அப்பால் வெல்கம் ஏரி. நடுவில் 2,170 மீட்டர். என் மனசுக்குப் பிடித்த ஏரி எது என்று அடித்துக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காட்டுக்குள் நடந்து நடந்து சலித்துப்போய்த் தலைமேல் இருக்கும் கனூவை இறக்கினால், முன்னால் மணல் கரை. உள்நாட்டு ஏரியில் இப்படி மணலை நான் எதிர்பார்க்கவே இல்லை. நாங்கள் போனது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு ராத்திரியில் எங்களைத் தவிர ஒரே ஒரு கனூவைப் பார்த்தோம், அதில் ஒரு வயதான தம்பதி, கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த 2,170 மீட்டரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் போனால் முதல் நடையில் ஒருவர் கனூ, ஒருவர் மூட்டை. மீதி மூட்டைக்குத் திரும்பி வர வேண்டும், மறுபடி போக வேண்டும். ஆக மூன்று நடை, ஆறரை கிலோமீட்டர். கனூவின் நடுவில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும், கழுத்து உட்காரும் அளவுக்கு வளைவு செதுக்கியிருப்பார்கள். அதற்கு யோக் என்று பெயர். கடைக்காரர் அதைக் காட்டி விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா மாட்டின் கழுத்தில் வைத்த அதே நுகத்தடி. ஆகவே காசு பார்க்காமல் கெவ்லார் என்ற லேசான நாரில் செய்த கனூவை வாடகைக்கு எடுங்கள், இருபது கிலோவுக்குள் முடிந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் கனூ முப்பதைத் தாண்டும். அந்தப் பத்துக் கிலோ வித்தியாசம் முதல் முந்நூறு மீட்டரிலேயே தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும்.

நான் படித்த பாடம் காற்றைப் பற்றியது. ஊரில் எனக்கு இருந்த படகு அனுபவமெல்லாம் காரையாறு அணையில் மோட்டார் படகில் பாணதீர்த்தம் போனது மட்டும்தான். வந்த இரண்டாம் வருஷம், தைரியமாக மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒபியாங்கோவுக்குப் போனோம். அல்கான்குவினிலேயே பெரிய ஏரி அது. கிளம்பும்போதே மதியம் இரண்டு மணி. அரை மணி நேரத்தில் காற்று எழுந்து, அலை பக்கவாட்டில் அடித்து, கனூவுக்குள் தண்ணீர். கரையோரம் ஒதுங்கி நான்கு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அன்றிலிருந்து காலையில் வெளிச்சம் வந்ததும் படகு தண்ணீரில் இருக்க வேண்டும், மதியத்துக்குள் கூடாரம் அடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒபியாங்கோவில் வாட்டர் டாக்சி உண்டு, கனூவையும் ஏற்றிக்கொண்டு தூரக்கரையில் விடுவார்கள். கௌரவம் பார்க்காமல் ஏறுங்கள்.

நீச்சல் விஷயத்துக்கு வருகிறேன். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று கனூவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். விசில், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, மிதக்கும் கயிறு 15 மீட்டர், இவையும் சட்டப்படி வேண்டும். ஆனால் இருந்தால் மட்டும் போதாது, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டுங்கள், நீச்சல் தெரிந்தவரும் சேர்த்துத்தான். கரையோரமாகவே போங்கள், ஏரியின் நடுவில் குறுக்கே வெட்டாதீர்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது, பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். மே மாதம் போகவே போகாதீர்கள். பனி உருகியே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், அந்தத் தண்ணீரில் விழுந்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் கைகால் மரத்துவிடும். போதாக்குறைக்கு அப்போதுதான் பிளாக் ஃபிளை என்ற குட்டிக் கறுப்பு ஈயின் சீசன். கொசு மாதிரி குத்தாது, தோலைக் கடித்து எடுக்கும், ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். ஜூன் பாதிக்கு மேல் அது குறையும், கொசு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் அடங்கும். செப்டம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டே விடுமுறை முடிந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிடும், கூட்டம் காணாமல் போகும், தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். நான் வருஷா வருஷம் விடுப்பு எடுப்பது அந்த வாரத்தில்தான்.

கில்லார்னி என்ற இன்னொரு பூங்காவைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஜார்ஜ், ஃப்ரீலேண்ட், கில்லார்னி என்று ஏரி ஏரியாகத் தாண்டி ஓ.எஸ்.ஏ. ஏரிக்குப் போகலாம். வெள்ளை வெளேரென்று குவார்ட்சைட் மலை, அதன் காலடியில் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம் கேட்டால் மனசு கஷ்டப்படும். பக்கத்து சட்பரி நகரத்து உலோக உலைகளின் புகை அமில மழையாகப் பெய்து, பல ஏரிகளில் மீன்கூட இல்லாமல் போய்விட்டது. இப்போது மெல்ல மெல்லத் தேறி வருகின்றன. ஓ.எஸ்.ஏ. என்பது ஒன்டாரியோ ஓவியர் சங்கத்தின் முதல் எழுத்துகள். 1930-களில் அந்தக் கரையில் மரம் வெட்ட இருந்ததை ஓவியர்கள் போராடித் தடுத்ததால் வந்த பெயர். அழகில் அல்கான்குவின் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் போர்ட்டேஜ்கள் சின்னவை, எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். அழகு வேண்டுமா அங்கே போங்கள், தனிமை வேண்டுமென்றால் அங்கே வேண்டாம். குவெட்டிக்கோ பூங்கா இன்னும் பெரிய கனவு, அதே ஒன்டாரியோதான் என்றாலும் இங்கிருந்து காரில் இரண்டு நாள். பிறகு பார்க்கலாம்.

முன்பதிவு ஐந்து மாதம் முன்னால் திறக்கும். செப்டம்பர் 8 இரவு வேண்டுமென்றால் ஏப்ரல் 8 காலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அல்கான்குவின் உள்காட்டில் ஏரிக்குத்தான் பதிவு, இடத்துக்கு இல்லை. முதலில் போகிறவருக்கு நல்ல இடம். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. கழிப்பறை என்பது கூடாரத்துக்குப் பின்னால் காட்டுக்குள், மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான். சுவர் கிடையாது, கூரை கிடையாது. அங்கே போய்த் தெரிந்துகொண்டால் திரும்பி வரும் 375 மீட்டரும் உங்களோடு பேச மாட்டார்கள். ராத்திரி ஏரிக்குள்ளிருந்து ஒரு ஊளை கேட்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். முதல் தடவை என் மனைவி, “யாரோ பொம்பள அழுவுற மாதிரி இருக்கு” என்று என்னை உலுக்கி எழுப்பினாள். ஒரு டாலர் நாணயத்தில் நீந்துகிறதே லூன் பறவை, அதன் குரல். இப்போது அது கூப்பிடாத இரவில்தான் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி. உள்காட்டுக்கு டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகத் தடை. மற்றவர்கள் உறைந்து காய்ந்த உணவுப் பொட்டலத்தைப் பதினைந்து டாலர் கொடுத்து வாங்குவார்கள். நமக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, சப்பாத்தி என்று ஃப்ரிட்ஜ் கேட்காத சமையல் நிறைய இருக்கிறது. ஏரித் தண்ணீரை ஃபில்டர் செய்து ஒரு கொதி ரசம் வைத்தால், குளிரில் அதற்கு ஈடே இல்லை. ஆனால் வாசனை கரடிக்கும் பிடிக்கும். சாப்பாடு, டூத் பேஸ்ட், சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. ஒரு பையில் போட்டு, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். ஒரு தடவை மாங்காய் ஊறுகாயைக் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக் கொண்டுபோனோம், மூடி சரியாக மூடவில்லை. நல்லெண்ணெய் முழுக்க என் தூக்கப்பையில் இறங்கிவிட்டது. அதைச் சுருட்டி மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கிடைத்த சட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கரடி வரவில்லை. அணில் வந்தது.

அதற்குப் பிறகு சாப்பாடு வைக்க 60 லிட்டர் நீலப் பீப்பாய் ஒன்று வாங்கினேன், தோளில் மாட்டும் பட்டையோடு. வாசனையை நன்றாக அடைக்கும், ஆனாலும் கூடாரத்திலிருந்து தள்ளியே வையுங்கள். நீங்கள் தேதி போட்டதும் சொல்லுங்கள், மிசிசாகாவில் எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் வாரம் தவிர மற்ற நாளெல்லாம் அது கராஜில் சும்மாதான் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் பெருங்காயம் மணக்கும், எத்தனை தடவை கழுவியும் போகவில்லை.