தமிழ்நாட்டுப் பயணத்துக்கு எந்தக் கார்டு?

வணக்கம் சகோதரி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மாவோடு மதுரை, இராமேஸ்வரம் போறீங்க, கிரெடிட் கார்டிலேயே அங்கு ரொக்கம் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கார்டில் ரொக்கம் எடுப்பதற்கான முன்பணக் கட்டணம் வேறு.

வைஸ் (Wise) கார்டு எடுங்க, அது முன்கூட்டியே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் கார்டு. அதில் நம்ம வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, போட்டு வையுங்க. நடுச்சந்தை விலையில், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலையில், ரூபாயாக மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டும். நம்மூர் பேங்க் டெபிட் கார்டு துணைக்கு இருக்கட்டும். ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே ஆப்பில் திறந்துவிடுங்க. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீங்க.

முக்கியமானது இதுதான். மதுரையில் கோயில் பக்கத்து ஏடிஎம்மில் நான் பணம் எடுத்தப்போ, திரையில் ரிங்கிட் கணக்கு வந்தது. தெரிந்த காசுதானேன்னு ‘சம்மதம்’ அழுத்தினேன். அந்த மெஷின் போட்ட விலை படுமோசம். வெளியே வந்து கணக்குப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ரிங்கிட்டில் கணக்குப் போடும் அந்த மாற்றத்தை மறுத்துடுங்க. பணம் வரும், பயப்படாதீங்க. கடையில் தேய்க்கும்போதும் ரூபாயிலேயே போடச் சொல்லுங்க.

பூக்கடை, டீக்கடையில் நம்ம கார்டு செல்லாது. அங்கே ரொக்கம்தான் வேணும். ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் விழலாம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் மொத்தமாக எடுத்துக்குங்க.