மீன் மழையில் நின்றுபோன நாவல்

ஜப்பானிய எழுத்தாளர் முரகாமியின் 'காஃப்கா கடற்கரையில்' நாவலில் வானத்திலிருந்து மீன் மழை பெய்யும் இடத்தோடு வாசிப்பு நின்றுவிட்டது, குறிப்பெடுத்தும் காரணம் பிடிபடவில்லை, 'கென்டக்கி ரூட் சீரோ' கணினி விளையாட்டிலும் இதேதான் என்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. 2002இல் நாவல் வெளிவந்தபோது ஜப்பானிய வாசகர்கள் சுமார் 8,000 கேள்விகள் அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேல் பதில் எழுதிய முரகாமி, இதில் புதிர்கள் உண்டு, விடைகள் இல்லை என்றே சொன்னார்.

அதனால் குறிப்பேட்டை மூடுங்கள். மீன் ஏன் விழுகிறது என்பதை விட்டு, நகாதாவைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவர், வெயிலடித்தாலும் நாளை குடை கொண்டுவாருங்கள் என்று போலீஸ்காரரிடம் அக்கறையாகச் சொல்கிறார். மறுநாள் மத்தி மீன் கொட்டுகிறது. எனக்கு அந்த அக்கறைதான் மனசில் நின்றது.

விளையாட்டும் அப்படித்தான். அலுவலகக் கட்டடத்தில் மூன்றாம் மாடி முழுக்கக் கரடிகள், யாரும் விளக்குவதில்லை. தொடக்கத்தில், நாயகனான லாரி ஓட்டுநர் கான்வேயின் நாய்க்கு ஹோமர் என்றா, ப்ளூ என்றா பெயர் வைப்பது என்று கேட்கும். எதைத் தேர்ந்தாலும் கதையின் பாதை மாறாது, கான்வே எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் மாறும். சரியான விடையைத் தேடாமல் பிடித்ததை அழுத்துங்கள். அப்புறம் நாவலை அந்தப் போலீஸ்காரர் வரும் இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.