"மனசே வரமாட்டேங்குது மாஸ்டர்": தோத்துட்டு கிரவுண்டுக்குப் போகாத பத்தாவது தம்பிக்கு

மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காப்ல. பத்தாவது படிக்கிறாப்ல, 1500 மீட்டர் ஓடுறாப்ல. குறுவட்டத்துல ஃபர்ஸ்ட், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துல மாவட்டப் போட்டியில நாலாவது. "அதுல இருந்து ஒரு மாசமா கிரவுண்டு பக்கம் போகல மாஸ்டர், மனசே வரமாட்டேங்குது, மோட்டிவேஷன் வீடியோ பாத்தா அன்னைக்கு மட்டும் வெறி வருது, மறுநாள் போயிடுது. அப்பா விசைப்படகுல போறவரு, ஓடி என்னத்தக் கிழிக்கப் போற, படிக்கிற வழியப் பாருங்கிறாரு. படகு கரைக்கு வர்ற நாள்ல விடிகாலை 4 மணிக்கு மீன் பிரிக்கப் போவேன், ராத்திரி படுக்க பதினொன்றரை ஆகிடும். என்ன செய்றது?" இதுதான் கேள்வி. கூட ஒரு நல்ல காரியமும் பண்ணியிருக்காப்ல, மாவட்டத்துல ஓடுனப்ப ஃப்ரெண்ட் போன்ல எடுத்த டைமையும் எழுதியிருக்காப்ல: 400 மீட்டர் டிராக்குல முதல் ரவுண்டு 66 செகண்ட், ரெண்டாவது 74, மூணாவது 80, கடைசி 300 மீட்டர் 58, மொத்தம் 4 நிமிஷம் 38.

தம்பி, நீ எழுதுனதுல உன் மனசப் பத்தி எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியல, ஆனா இந்த நாலு நம்பர்ல எல்லாமே இருக்கு. 4:38-ஐ சமமாப் பிரிச்சா ரவுண்டுக்கு 74 செகண்ட் சொச்சம் வருது. நீ முதல் ரவுண்ட 66-ல அடிச்சுட்ட, அதாவது எட்டு செகண்ட் கடன் வாங்குன, மூணாவது ரவுண்டுல அத வட்டியோட கட்டுன. அந்த மூணாவது ரவுண்டுல ரெண்டு மூணு பேரு உன்னத் தாண்டிப் போயிருப்பாங்க, அது கண்ணுக்குள்ளயே நிக்குது, அதத்தான் நீ "மனசு வரல"ங்கிற. உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாரு, போறப்பவே டீசல் பூராத்தையும் எரிச்சுட்டா எப்படிக் கரைக்கு வர்றதுன்னு சிரிப்பாரு. நாலாவது வந்தது தெம்பில்லாம இல்ல, தெம்பத் தப்பான எடத்துல கொட்டுனதால.

4:30 ஓடணும்னு வையி. 270 செகண்ட். மூணே முக்கால் ரவுண்டு, ஆக ரவுண்டுக்கு 72, 200 மீட்டருக்கு 36. இந்த 36-ங்கிற நம்பர் உன் காலுக்கு மனப்பாடம் ஆகணும். வாரத்துல ஒரு நாள் எட்டு தடவ 200 மீட்டர் ஓடு, நடுவுல ஒன்றரை நிமிஷம் மெதுவா நட. 33-ல வந்தாலும் அது தப்புதான், 36-ல வரணும். முதல் நாலு ரொம்ப ஈஸியா இருக்கும், "என்னடா இது"ன்னு தோணும், ஏழாவதுல தெரியும். ரேஸ்ல இப்படி ஓடுனா முதல் 200-ல பாதிப் பேரு உனக்கு முன்னாடி போயிடுவான், வெளியில நிக்கிற உன் செட்டு பசங்க "ஓடுறா ஓடுறா"ன்னு கத்துவாய்ங்க, காதுல வாங்காத. அந்த வெக்கத்தத் தாங்குறதுதான் இந்த ஓட்டத்துலயே கஷ்டமான வேலை, நெஞ்சு எரிச்சல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்ப மனசு விஷயம். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எந்திரிச்சா நாலரை மணி நேரத் தூக்கம். உன் வயசுப் பிள்ளைக்கு குறைஞ்சது எட்டு மணி நேரம் வேணும். தூக்கம் இல்லாத உடம்பு எதப் பாத்தாலும் வேணாம்னுதான் சொல்லும், அதுக்கு மோட்டிவேஷன் வீடியோ போட்டுக் காட்டி என்ன பண்ண? மீன் பிரிக்கப் போக வேணாம்னு சொல்ல நான் யாரு, அது வீட்டுச் சோறு. ஆனா அதுக்கு முந்துன ராத்திரி போன அம்மாகிட்ட குடுத்துட்டு எட்டு மணிக்கே படு. மீன் பிரிச்ச அன்னைக்கு ஓட்டம் கிடையாது, அதுவே லீவு நாள். மத்த நாள்ல மூணு நாள் ஓடுனாப் போதும் இப்போதைக்கு. அப்படியும் ஒரு மாசம் கழிச்சு படியேறுனாலே மூச்சு வாங்குதுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லு, ரத்தம் கம்மியா இருந்தா எவ்ளோ ஓடுனாலும் ஏறாது. சாப்பாட்டுக்கு பவுடர் கிவுடர் எதுவும் வேணாம், சாளை மீனும் முருங்கைக்கீரையும் கேப்பைக் கூழும் இருக்குற ஊருல பவுடருக்குக் காசு குடுக்கிறவன என்னன்னு சொல்ல. வேர்வை நம்ம கடற்கரையில காயாது, அதனால ஓடி முடிச்சதும் நீராகாரத்துல உப்புப் போட்டுக் குடி.

கடற்கரையிலயே ஓடுறதா எழுதியிருந்த. தளதள மணல்ல தினமும் ஓடாத, கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுத்துக்கும். கடல் வத்துன நேரம் ஈரமா கெட்டியா இருக்குற எடத்துல ஓடு, அங்க கரை ஒரு பக்கமா சரிஞ்சிருக்கும், போன தூரத்துக்கு அதே வழியில திரும்பி வந்தாத்தான் ரெண்டு காலுக்கும் சமம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல், அதான் மன்னார் வளைகுடா பக்கம் டைம் பாத்து மனசு ஒடையாத, வடகடல், பாக் ஜலசந்தி பக்கம் போ இல்ல ஸ்கூல் கிரவுண்டுக்குப் போ.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும், வெறுங்காலோட ஓட ஆரம்பிச்சு டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரைக்கும் போன புள்ள. எல்லாரும் அந்த வெறுங்காலத்தான் பேசுவாங்க. எனக்கு அதுல பெருசாத் தெரியிறது அப்பா அம்மா இல்லாத புள்ளைய வளத்த பாட்டி. கூலி வேலை பாத்துக்கிட்டே, வேலைக்கு அனுப்புன்னு சொந்தக்காரங்க சொன்னதக் கேக்காம படிக்கவும் ஓடவும் விட்டாங்க. வீட்டுல ஒருத்தர் நம்ம பக்கம் இல்லாம இது நடக்காது.

அதனால அப்பாகிட்ட சண்டை போடாத. அவரு கேக்குறது நியாயமான கேள்வி, பதில் சொல்லு. பதினொண்ணாவதுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதியில சேர ட்ரயல்ஸ் நடக்கும், கிடைச்சா தங்குறது சாப்பாடு பயிற்சி எல்லாம் அவங்களே. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுக்குன்னு 500 சீட்டு, அரசு வேலையில 3 சதவீதம். ஆனா பொய் சொல்லாத, மாவட்டத்துல நாலாவது வந்தவனுக்கு இது எதுவும் கையில கிடைச்சிடாது, மாநிலம் தேசியம்னு போகணும், அதையும் சேத்தே சொல்லு. பரீட்சை மார்க் குறையாதுன்னு வாக்குக் குடு. இருக்குற சர்டிபிகேட்ட கவர்ல போட்டு வை, உப்புக்காத்துக்கு சீக்கிரம் மங்கிடும்.

நானும் பதினொண்ணாவதுல ரிலேல குச்சியக் கீழ போட்டுட்டு எட்டு மாசம் கிரவுண்டு பக்கமே போகல. திரும்பப் போனது எந்த அறிவுரையாலயும் இல்ல, தெருவுல ஒருத்தன் தனியா ஓட பயந்துக்கிட்டு தினமும் அஞ்சு மணிக்கு வந்து கதவத் தட்டுனான், அவ்ளோதான். உனக்கும் அப்படி ஒரு ஆளு வேணும். டைம் எடுத்த அந்த ஃப்ரெண்டப் புடி.

இல்லன்னா ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா அப்பா 61 நாளு கரையிலதான் இருப்பாரு. படகையும் வலையையும் அப்பத்தான் சரி பாப்பாங்க, நீயும் அந்த ரெண்டு மாசத்துல உன் 36-ஐ சரி பண்ணு. ஒரு நாள் சாயங்காலம் அவரையே கூட்டிட்டுப் போய் டைம் எடுக்கச் சொல்லு. ஸ்டாப்வாட்ச்ச எங்க அமுக்கணும்னு மட்டும் வீட்டுலயே காட்டிக்குடுத்துடு, அங்க வச்சு சொன்னா கோவிச்சுக்குவாரு.